ஏழாவது தொட்டியில் யாரை விடுவது

பிங்துங்,
கல்லறை துப்புரவு நாள் கழிந்து மூன்றாம் நாள்.

அன்புள்ள மருமகள் தியெப்புக்கு, மாமனார் தியம்-சாய் நலம் விசாரித்துச் சொல்லி எழுதுவது. நீயும் குழந்தை யுன்னும் சுகம்தானே? உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? உங்கள் சைகோனில் இந்நேரம் நல்ல வெயில் இருக்கும்.

நான் சொல்லச் சொல்ல மருந்துக்கடை லியாவ் எழுதுகிறார். நீ மாலைப் பள்ளியில் படித்த எளிய எழுத்துகளாகப் போடச் சொன்னேன். "மருமகளுக்குப் படிக்கத் தெரியும், மாமனாருக்குத் தெரியாது. நல்ல குடும்பம்யா உன்னுது" என்று சிரிக்கிறார். தொலைபேசியில் பேசினால், "நல்லாருக்கேன் அப்பா" என்பாய் நீ. "சரிம்மா" என்று வைத்துவிடுவேன் நான். இரண்டு மாதமாக அப்படித்தானே நடக்கிறது? அதனால் கடிதம்.

முதலில் ஏழாவது தொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அது நீ சேர்த்த மீன் ஜோடி. நீ இந்த வீட்டுக்கு வந்த ஆறாம் நாள், நீலச் சட்டை போட்டிருந்தாய், வெளியே தூறல். நான் நிறத்தையும் உருவத்தையும் பார்த்து ஆண் ஒன்று பெண் ஒன்று பிடித்துத் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தேன். அவை ஒன்றையொன்று கடித்து விரட்டின. நீ அரைகுறையாக எங்கள் பேச்சில், "அதுங்களே பாத்துக்கட்டும் அப்பா. எட்டு குஞ்சை ஒண்ணா வளத்தா, எது எதோட ஒட்டுதுன்னு அதுங்களே காட்டும்" என்றாய். முப்பது வருடம் டிஸ்கஸ் அலங்கார மீன் வளர்த்தவனுக்குச் சைகோன் பெண் சொல்வதா என்று எனக்கு முகம் சுருங்கியது. அதையும் நான் மறக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அந்த எட்டில் இரண்டு, ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆறையும் அண்டவிடவில்லை. அதுதான் ஏழாவது தொட்டி ஜோடி.

புத்தாண்டுக்கு முன் வீடு முழுக்கத் துடைக்கிற நாளில் நடந்தது உனக்குத் தெரியும். ஜோடியைச் சுற்றி நூறு குஞ்சுக்கு மேல் மொய்த்துக்கொண்டிருந்தன. எதற்கு மொய்க்கும் என்று லியாவ் கேட்கிறார், அவருக்காகச் சொல்கிறேன்: டிஸ்கஸ் குஞ்சுக்குத் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் பசைதான் முதல் சாப்பாடு. என் அக்கா துணியும் வாளியுமாக வந்தாள். "என்னடா இது, கண்ணாடி பூரா பாசி! சாமி வீட்டுக்குள்ள வர்ற நாள்ல இதையா பாக்கணும்?" என்று, பாசி தின்னும் குப்பை மீன் இரண்டைப் பிடித்து அதில் விட்டாள். நீ ஓடி வந்தாய். "எடுத்துடுங்க அப்பா, அது பாசியோட நிக்காது, தாய் மேல ஒட்டி உறிஞ்சும்" என்றாய். அக்கா, "நேத்து வந்தவ சொல்லித்தான் எங்க வீட்டுத் தொட்டியக் கழுவணுமா?" என்றாள்.

நான் திரும்பி நின்று எட்டாவது தொட்டிக்குத் தீனி போட்டேன். அதற்கு அரைமணி முன்புதான் போட்டிருந்தேன்.

புத்தாண்டின் இரண்டாம் நாள், பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போகிற நாள், நீ யுன்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். ஒரு வாரம் என்றாய். கையில் பெரிய பெட்டி. நான் பெட்டியைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டேன்.

நான்காம் நாள் விடியலில் விளக்கைப் போட்டால், தாய்மீன் விலாவில் வட்ட வட்டமாகப் புண். பசை முழுக்கப் போயிருந்தது. குஞ்சுகள் தகப்பனிடம் போயின, அதுவும் எத்தனையைத் தாங்கும்? பத்தொன்பதுதான் பிழைத்தன. தாயைத் தனித் தொட்டிக்கு மாற்றினேன். ஏழாவது தொட்டிப் பக்கத்துக் கண்ணாடியிலேயே நின்றுகொண்டிருந்தது. உப்புத் தண்ணீர், பாதாம் இலை, நீ செய்வதையெல்லாம் செய்தேன்.

குப்பை மீன்களைக் கொல்லவில்லை. என்ன இருந்தாலும் அது கெட்ட மீன் இல்லை. கடினத் தோல் கெளுத்திகள் இருக்கும் பெரிய தொட்டியில் விட்டேன், அங்கே சுகமாகப் பாசி தின்கிறது. அதை எங்கே விட்டோம் என்பதில்தான் தப்பு. விட்டது அக்கா கை என்றாலும் தொட்டி என்னுடையது.

அடுத்த விஷயம். அம்மா இறந்தபோது எனக்கு ஒரு வயது, அக்காவுக்கு ஒன்பது. என்னை முதுகில் கட்டிக்கொண்டு வாத்து மேய்த்தவள். அவள் சொல்லுக்கு நான் எதிர்ச்சொல் சொன்னதே கிடையாது. உன் பிள்ளைப்பேற்றுக்கு எள்ளெண்ணெய்க் கோழி சமைத்துப் போட ஒரு மாதத்துக்கு என்று நான்தான் அவளை அழைத்தேன். யுன்னுக்கு இப்போது இரண்டரை வயது. அந்த இரண்டரை வருடமும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன் தியெப். என் காது நன்றாகவே கேட்கும்.

கல்லறை துப்புரவு நாளில் அம்மாவின் மேட்டில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன்: "அக்கா, அன்னைக்கு தியெப் சொன்னதுதான் சரி. மீன் விஷயத்துல மட்டுமில்ல. நான் வாயத் தொறக்காம நின்னேன், தப்பு என்னுது." அக்கா நிமிர்ந்து, "எழுபது வருஷமா மூடியிருந்த வாய அம்மா முன்னாடிதான் தொறக்கணுமாடா?" என்றாள். பிறகு புல் இல்லாத இடத்திலும் பிடுங்கினாள். பேருந்தில் வரும்போதுதான், "கோயில் சமையல்கட்டுக்கு ஆள் கேட்டாங்க. பக்கத்துலயே அறை இருக்காம்" என்றாள். நேற்று நானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவந்தேன். அங்கே மூன்று பெண்களை இப்போதே விரட்டி வேலை வாங்குகிறாள். அவர்களும் சளைத்தவர்கள் இல்லை, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கிறார்கள்.

உன் கணவன் சிங்-ஹோங் லாரி ஓட்டிவிட்டு வந்து ஏழாவது தொட்டி முன்னால்தான் உட்காருகிறான். அவனும் என் பிள்ளைதானே, வாய் திறக்காது. விடுப்புக் கேட்டிருக்கிறான். நீ வா என்றால் மட்டும் அங்கே வருவான். உன்னை அழைத்துவரச் சொல்லி நான் அனுப்பவில்லை. அவன் சொல்ல வேண்டியதை அவன் சொல்லட்டும், கேட்ட பிறகு உன் இஷ்டம்.

தாய்மீனுக்குப் பசை மறுபடி ஊறிவிட்டது. நான்கு நாளைக்கு முன் ஆணோடு சேர்த்தேன். ஆண் உடம்பைச் சிலிர்த்துத் தலை தாழ்த்தியது. இன்று காலை இரண்டும் முட்டையிடும் மண்கூம்பைச் சுத்தம் செய்கின்றன. கூட வேறு மீன் எதையும் விடவில்லை. கண்ணாடியில் பாசி இருக்கிறது, இருக்கட்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. வீட்டை விட்டுப் போகும்முன் அக்கா ரயிலடிப் பக்கத்து வியட்நாம் கடைக்குப் போய் சமையலில் ஊற்றும் மீன்சாறு ஒரு புட்டி வாங்கிவந்தாள். நாற்றம் என்று முன்பு உன்னுடையதை அவள்தான் வாசலில் கொட்டினாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது, புட்டியிலிருக்கும் படத்தை வைத்து வாங்கியிருக்கிறாள். "இதுதானாடா அவ ஊத்துவா?" என்று நாலு தடவை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உன் அலமாரியில், முன்பு இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறோம். மூடி திறக்கவில்லை.

உனக்கும் யுன்னுக்கும் நோய் நொடி வராமல் சாமி காக்கட்டும். அது சரியான புட்டிதானா என்று பார்த்துச் சொல்ல இங்கே ஆள் இல்லை, தியெப்.

இப்படிக்கு,
லியாவின் கையெழுத்தில்,
தியம்-சாய்