நீள்கழுத்தின் பாரம்

கிட்வாய் நகர், தில்லி
9 ஜூலை 2024

அன்புள்ள பெலிக்ஸ் அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

எங்கள் மியூசியத்துக்கு நீங்கள் செய்து கொடுத்த டைனோசர் எலும்புக்கூடு தாங்காது போலிருக்கிறது. கழுத்தின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். காலையில் தரையைக் கூட்டினால் சாயங்காலம் மறுபடி சிமெண்ட் தூள்.

உயிரோடு இருந்தபோது அந்தக் கழுத்தெலும்புகளுக்குள் காற்றறைகள் இருந்தன, அண்ணா. தலையும் சின்னது. பின்னால் நீண்ட வால் எடையைச் சமன் செய்தது. அதனால்தான் பஸ் நீளக் கழுத்தை அது தூக்கி நிறுத்தியது. நீங்கள் எலும்புகளைக் கெட்டியாக வார்த்துவிட்டீர்கள். சுவரில் இடிக்கிறது என்று வாலையும் குறைத்தீர்கள். இது தாங்குமா என்று அப்போதே கேட்டேன். "உள்ளே இரும்பு இருக்கு, பேசாம இரு" என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை மந்திர் மார்க் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். அதன் கீழே அவர்களை உட்கார வைத்துத்தான் நான் விளக்க வேண்டும். ஜல்தி வந்து பாருங்கள்.

ஜூலியா

ஹைதராபாத்
10 ஜூலை

பாசமுள்ள தங்கை ஜூலியாவுக்கு,

சின்ன வயதிலிருந்தே நீ பயந்தாங்கொள்ளி. சிமெண்ட் காய்ந்தால் வெடிப்பு வரத்தான் செய்யும். இங்கேயும் அதே மாதிரி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். நீ இப்போது வாயைத் திறந்தால் எவனும் என்னை உள்ளே விடமாட்டான். முடிந்ததும் வந்து பூசிவிடுகிறேன்.

எதற்கும் நீ அந்தக் கழுத்துக்குக் கீழே நிற்காதே.

அண்ணன் பெலிக்ஸ்

தில்லி
13 ஜூலை

அண்ணனுக்கு,

உங்கள் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். என்னை நிற்காதே என்றீர்கள். பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படியானால் உங்களுக்குத் தெரியும்.

நேரே எங்கள் இயக்குநர் மேதா மேடத்திடம் போனேன். "உங்க அண்ணன் செஞ்சதுதானே?" என்றார். "ஆமா மேடம். அது விழுந்துடும்," என்றேன். ஹாலைப் பூட்டி, பிள்ளைகளை வரவேண்டாம் என்று பள்ளிக்குச் சொன்னோம்.

நேற்று முட்டுக் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். கதவைத் திறந்து உள்ளே கால் வைக்கும் முன்பே கழுத்து மொத்தமாக விழுந்தது. தரை அதிர்ந்தது. யாருக்கும் அடியில்லை. உடைந்த எலும்புக்குள் பார்த்தேன். நீங்கள் சொன்ன இரும்பு என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.

 மேடம் திங்கட்கிழமை ஹைதராபாத்தில் உங்களுக்கு வேலை கொடுத்தவர்களிடம் பேசப்போகிறார். நம்பர் கொடுத்தது நான்தான். அதற்குமுன் நீங்களே உண்மையைச் சொல்லி வேலையை நிறுத்துங்கள். சொன்னால் நான் வந்து உங்கள் பக்கத்தில் இருப்பேன். சொல்லாவிட்டால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஜூலியா

ஹைதராபாத்
14 ஜூலை

ஜூலியா,

சொல்லிவிட்டேன். போலீசைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னை வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

வா.