சுற்றாத ஆரத்தி

முனீர்கா, புது டெல்லி
ஜனவரி 9

அன்புள்ள மேகலாவுக்கு,

அப்பா சௌக்கியம், இந்தக் குளிருக்கு முழங்கால் மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், ஸ்ம்ருதிக் குட்டிக்குக் காதுவலி விட்டதா, அதை முதலில் சொல். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன், இதை முடிக்க உனக்கு அரை மணி ஆகும், அந்த அரை மணியும் என்னோடு இருப்பாய் அல்லவா.

போனில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், சிரிக்காதே. குழந்தைக்குக் காதுவலியும் காய்ச்சலும், விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று நீ ராத்திரி அனுப்பிய மெசேஜை நான் பார்க்கவில்லை. காலையில் குளித்துவிட்டு ஆரத்தி கரைத்துவிட்டேன். பேத்தி முதல்முதலாக வீட்டுக்கு வருகிறாள், உன் அம்மா இருந்தால் சும்மா விடுவாளா. சுண்ணாம்புக்கு முதல்நாளே மலை மந்திர் முருகன் கோயில் பக்கத்துப் பான் கடைக்குப் போனேன், பான் வேண்டாம், சுண்ணாம்பு மட்டும் போதும் என்றதற்கு அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். மாடிவீட்டுப் பூங்கோதை பட்டுப்புடவையில் வந்துவிட்டாள், ஜோடிக்கு எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள், முக்காடோடு. வாசலில் நின்றுகொண்டு, விமானம் இறங்கியதா பார்ப்போம் என்று போனை எடுத்தேன், அப்போதுதான் உன் மெசேஜ் கண்ணில் பட்டது. குழந்தை நல்லா இருந்தா போதும் அங்கிள், டிக்கெட் எப்ப வேணாலும் போட்டுக்கலாம் என்றாள் பூங்கோதை.

அவர்கள் போனபின் தட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. யாருக்கும் சுற்றாத ஆரத்தியை வாசலில் கொட்ட மனம் வரவில்லை. கொஞ்சம் தம்ளரில் ஊற்றி எலுமிச்சை பிழிந்தேன். அமிலம் பட்டதும் சிவப்பு மஞ்சளாயிற்று. சுண்ணாம்பு போட்டேன், காரம் ஏறி மறுபடி சிவப்பு. சின்ன வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேன், மேஜிக் என்று கை தட்டினாய். போகவும் வரவும் வழியுள்ள மாற்றம் என்று பாடம் சொல்லியே ரிடையர் ஆனவன் நான். ஆனால் ஒவ்வொரு தடவையும் தம்ளர் நிறைந்துகொண்டே போனது, சிவப்பு திரும்பியது, முதலில் இருந்த அழுத்தம் திரும்பவில்லை.

வேதிச் சமநிலை என்றால் எல்லாம் நின்றுபோய்விட்டது என்றுதான் பிள்ளைகள் பரீட்சையில் எழுதுவார்கள். தப்பு. உள்ளே இரண்டு பக்கமும் ஓட்டம் இருந்துகொண்டேதான் இருக்கும், வெளியே தெரியாது. அசைத்துவிட்டால் வேறொரு இடத்தில் போய் நிற்கும். அம்மா போனபின் நானும் அப்படி ஓரிடத்தில் நின்றிருந்தேன், ஒரு ஆழாக்கு அரிசி, காலையில் பேப்பர், சாயங்காலம் கோயில். நீ வருகிறாய் என்றதும் கட்டிலை நகர்த்தி ஹீட்டர் வாங்கி வைத்தேன், பாலும் கூடுதலாகச் சொன்னேன். இப்போது பழைய இடம் பிடிபடவில்லை. கட்டில் நகர்த்திய இடத்திலேயே கிடக்கிறது, பால்காரனிடமும் குறைக்கச் சொல்லவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை மேகலா, தனிமையாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு அவசரப்பட்டு டிக்கெட் போடாதே. காது நன்றாக ஆறட்டும், யார் சொன்னாலும் அதில் எண்ணெய் விடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். புறப்படுகிற அன்று மெசேஜ் வேண்டாம், எந்த நேரமானாலும் போன் செய், பேசு.

சுண்ணாம்பு மீதி இருக்கிறது. காற்றுப்பட்டுக் காய்ந்தால் வெறும் சாக்பீஸ் மாவாகிவிடும், மஞ்சளைச் சிவக்க வைக்காது. தினமும் டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வருகிறேன்.

உன் அப்பா,
பாலசுப்ரமணியம்