திருவல்லத்து ரசீது

உங்கள் வருஷாப்திகத்துக்கு, முதல் திவசத்துக்கு, இன்னும் நாலு நாள் இருக்கிறது. உங்கள் ஜோல்னாப் பையைத் துவைத்துப் போடலாமே என்று உதறினேன். பச்சைக் கற்பூர வாசனை இன்னும் போகவில்லை. உள்ளிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்று விழுந்தது. திருவல்லம் கோவில் ரசீது, மலையாளத்தில். வழிபாடு, பலி. செத்தவர்களுக்குப் பிண்டம் போடுவதற்கு இங்கே அதுதான் பேர். இறந்தவர் பேரும் நட்சத்திரமும் எழுதுகிற இடத்தில் உங்கள் பேர், உத்திரட்டாதி. தேதியைப் பார்த்தேன். நீங்கள் போவதற்குப் பத்து மாதம் முந்தியது.

உங்களுக்கு நீங்களே பிண்டம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சந்நியாசம் வாங்குகிறவர்கள் அப்படிச் செய்துகொள்வது எனக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பெண்டாட்டி சம்மதிக்க வேண்டாமா?

நீங்கள் கேட்காமல் இல்லை. கல்லாற்றுப் பாறையில் நீங்கள் கண்ணை மூடி உட்கார, நான் ஸ்கூட்டருக்கும் செருப்புக்கும் காவல் இருந்த காலத்திலேயே கேட்டீர்கள். பையன் கல்யாணம் ஆகட்டும் என்றேன். ஆயிற்று. என் ரிட்டயர்மென்ட் ஆகட்டும் என்றேன். செக்ரடேரியட்டில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவளுக்குத் தள்ளிப்போடவா சொல்லித்தர வேண்டும்? பாறையிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம், "கெடைச்சுதா?" என்று சீண்டுவேன். "கிட்டக்க வந்துடுத்து" என்பீர்கள். முப்பது வருஷமும் அதே பதில்தான்.

ரசீதில் இருக்கிற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஈர வேட்டியைப் பையில் சுருட்டிக்கொண்டு மத்தியானம் வந்தீர்கள். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, ஆற்றில் குளித்தேன் என்றீர்கள். சமையலறை வாசலில் நின்று இரண்டு கையையும் குவித்து நீட்டினீர்கள்.

"என்ன இருக்கோ, அதைப் போடு."

"ஏன், நம்மாத்துல தட்டுக்குப் பஞ்சமா?" என்று தட்டில் போட்டு நகர்த்தினேன். முந்தின நாள் சண்டையின் மிச்சம் என்றே நினைத்தேன். அதன்பிறகு உப்பு குறைந்தால் சொல்லவில்லை, இன்னொரு கரண்டி கேட்கவில்லை. போட்டதைத் தின்றுவிட்டு எழுந்து போனீர்கள். வலியசாலைத் தெரு முழுக்க என் சமையலுக்குப் பேர் இருக்கிறது, இந்த மனுஷனுக்கு மட்டும் நாக்கு செத்துவிட்டது என்று எத்தனை நாள் கரித்துக் கொட்டியிருப்பேன். நான் போட்டது பிச்சை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

திவசம் பண்ணிவைக்க வரும் வாத்தியாரிடம் ரசீதைக் காட்டினேன். படித்துவிட்டு அவர் விளக்கினார். சந்நியாசியை எரிக்கக் கூடாது, மண்ணில்தான் வைக்க வேண்டும். நாமோ பையனைக் கொள்ளி வைக்கச் சொல்லி, மாதாமாதம் மாசிகமும் பண்ணியாயிற்று. சந்நியாசி என்றால் இனித் திவசம் கிடையாது, ஆராதனை மட்டும். கிரஹஸ்தர் என்றால் திவசத்தை விடக் கூடாது.

"மாமி, கடைசி வரைக்கும் கூட இருந்தது நீங்கதான். அவர் எதுவா போனார்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். புனேயிலிருந்து பையனும் போனில், "நீ சொல்றபடி பண்றேம்மா" என்றுவிட்டான். ஆளுக்கொரு பக்கம் நழுவினால் நான் எங்கே போவேன்? கோபமாக வருகிறது, பயமாகவும் இருக்கிறது. பத்து மாதம் என்னோடு இருந்தது யார்? நான் யாருக்குப் பாய் விரித்தேன்?

ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிச் சாயங்காலம் ஒன்று நடந்தது. கஞ்சியைத் தள்ளிவிட்டு என் புடவைத் தலைப்பைப் பிடித்தீர்கள்.

"மணத்தக்காளி வத்தக்குழம்பு வெச்சுத் தரியா? ரெண்டு அப்பளம் சுட்டு."

பத்து மாதத்தில் நீங்கள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். நர்ஸ், "புளியும் எரிவும் இப்போள் வேண்டா அம்மே" என்றாள். புளி, காரம் கூடாதாம். நான் வழக்கம்போல, "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். நாளைக்கு நீங்கள் இல்லை.

பிச்சை வாங்குகிறவன் இன்னது வேண்டும் என்று கேட்பானா? கேட்க மாட்டான். அப்படியானால் கடைசியில் நீங்கள் திரும்பி வந்தீர்களா, ஜுரத்தில் உளறினீர்களா? யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. நீங்கள் சந்நியாசம் கேட்டபோதே நான் சரி சொல்லியிருந்தால் திருட்டுத்தனமாகத் திருவல்லம் போயிருக்க மாட்டீர்கள் என்றும் தோன்றுகிறது.

திவசமே பண்ணட்டும் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். சரியா தப்பா, எனக்குத் தெரியாது. என் தலைப்பைப் பிடித்த கை என் புருஷன் கை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ரசீதைக் கிழிக்க மனசு வரவில்லை. என் பர்ஸிலேயே இருக்கிறது.

திவசச் சமையலில் புளி சேர்க்கக் கூடாது. அதனால் மறுநாள் வத்தக்குழம்பு வைக்கப்போகிறேன். உப்பு குறைத்துத்தான் போடுவேன். குறைகிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும்.