தந்தியைத் தொட்டால் இரைச்சல் நிற்கும்

2024 மே 5, ஞாயிறு

இன்றைக்கு என் சோற்றுச் சட்டியில் கிட்டார் தந்தி வேகவைத்தார்கள்.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் நாள் போட்டு எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு படித்த எழுத்து, கோணலாகத்தான் வரும். ஆனால் எழுதி வைக்காவிட்டால் ஆட்கள் பிறகு கதையை மாற்றிவிடுகிறார்கள்.

என் பேத்தி தனுஷிகா, ராகலையில் இருந்து வருகிற கிஷாந்த், நானுஓயா ரொஷான். மூன்று பேரும் பாட்டுக்கு அடியில் தும் தும் என்று போகிற பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள். ஆளுக்கொரு குழு. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சாமான்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். வரிசையில் பக்கத்து வீட்டுக் காம்பரா இரண்டும் காலி, சத்தம் என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்களாம். நான் ஒருத்தி இருப்பது யாருக்கும் நினைவில்லை.

தந்தியில் கை அழுக்கு ஏறினால் சத்தம் மந்தமாகிவிடுமாம். கொதிதண்ணீரில் போட்டு எடுத்தால் புதுசு மாதிரி கணீரென்று வருமாம். கிஷாந்த் கரண்டியால் கிண்டிக்கொண்டே, “அம்மாயி, சூப் ரெடி. உப்பு பாக்குறீங்களா?” என்றான். அந்தச் சட்டியை எங்கே வாங்கினேன், எந்த வருஷம், யாரோடு போய் வாங்கினேன், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிஷாந்த் என்ற பெயரும் இனி ஞாபகம் இருக்கும்.

பிறகு வாய்ச்சண்டை. ரொஷானின் கிட்டாரில் ஐந்து தந்தி, மற்ற இரண்டிலும் நான்கு.

“நாலையே ஒழுங்கா வாசிக்கத் தெரியாதவன்தான் அஞ்சாவது கேப்பான்” என்றான் கிஷாந்த்.

“நீ மொதல்ல வெரலால வாசி. பிளாஸ்டிக் துண்ட வச்சு சொறியாத” என்றான் ரொஷான்.

தனு சொன்னாள்: “பேஸு காதுல விழக்கூடாதுடா. நின்னு போனா மட்டும்தான், என்னமோ இல்லையேன்னு தெரியணும்.” அது எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

அம்ப் என்று ஒரு பெட்டி. கிட்டார் வயரை அதில்தான் குத்துகிறார்கள், அதுதான் சத்தத்தைப் பெருக்குகிறது. தனுவின் அம்ப் யாரோ அடித்துப் பழசாக்கியது. வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் ர்ர்ர் என்று இரைந்தது. தனு தந்தியில் கை வைத்தாள், நின்றது. எடுத்தாள், ர்ர்ர்.

“ஏன் புள்ள அது?”

கிஷாந்த்தான் பதில் சொன்னான். “இந்த வீட்டுல பூமிக்குப் போற ஏர்த் வயரே இல்ல அம்மாயி. அதுக்குப் பதிலா ஒங்க பேத்தி நிக்கிறா. அவதான் ஏர்த்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். தனு வெறுங்காலோடு ஈரச் சிமெந்துத் தரையில் நின்றுகொண்டிருந்தாள். நான் சட்டியைத் தேய்க்கிற சாக்கில் எழுந்து போனேன். கை நடுங்கியது.

மே 6, திங்கள்

இராத்திரி தூக்கமில்லை.

2004 ஒக்டோபர் 19, செவ்வாய். காலை பத்தே முக்கால். என் மகள் வினோதா ஈரத்துணியைக் கொடியில் போட்டாள். போட்டவள் கையை எடுக்கவில்லை. கூப்பிட்டேன், திரும்பவில்லை. தனுவுக்கு அப்போது இரண்டு வயது, கொய்யா மரத்தடியில் மண் தின்றுகொண்டிருந்தாள்.

இதே லயத்தில் கடைசிக் காம்பரா செல்லசாமி, கரண்ட் போஸ்ட்டில் இருந்து திருட்டு லைன் இழுத்து எங்கள் கூரைத் தகரத்தின் மேலால் கொண்டுபோயிருந்தான். வயர் தோல் உரிந்து தகரத்தில் பட்டது. கொடியின் ஒரு முனை அந்தத் தகரத்தில்தான் கட்டியிருந்தது.

இருபது வருஷமாக அந்த வீட்டோடு பேச்சில்லை. பீலிக்குத் தண்ணீருக்குப் போனாலும் அவர்கள் போன பிறகுதான் போவேன். செத்த வீட்டில் வந்து உட்கார்ந்து, செல்லசாமியின் பெண்சாதி தேத்தண்ணிக்குச் சீனி போதவில்லை என்று சொன்னாள். அவளும் செத்துவிட்டாள். சொன்னது சாகவில்லை.

மே 12, ஞாயிறு

மழை. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி ஹட்டனில் ஒரு ஹோலில் நிகழ்ச்சியாம். தனுவின் குழுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தோட்டத்துத் திருவிழாவையும் கல்யாண வீட்டையும் விட்டு வெளியே அவளுக்கு அதுதான் முதல் மேடை. காலையில் இருந்து தரையில் கால் படவில்லை அவளுக்கு.

அதைக் காட்டத்தான் தனுவும் கிஷாந்தும் எதிரெதிராக நின்று வாசித்தார்கள். அவனுக்கு அவன் அம்ப், இவளுக்கு இவள் அம்ப். விளையாட்டாக அவன் தன் கிட்டாரைக் கொண்டுவந்து இவள் கிட்டாரில் இடித்தான். தந்தியும் தந்தியும் பட்டது.

டிக்.

நீலமாக ஒரு பொறி. நான் கண்ணால் பார்த்தேன்.

“ஆ! எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு” என்று தனு கையை உதறினாள். சிரித்தாள். சிரிக்கிறாள்!

ரொஷான் மட்டும் சிரிக்கவில்லை. “பழைய அம்ப்புங்க, பாத்து” என்றான். கிஷாந்துக்கோ இரைச்சல்தான் கவலை. மேடையில் நாலைந்து பெட்டி ஒன்றாகச் சேர்ந்தால் இன்னும் இரையுமாம். பச்சையாக இருக்கிற ஏர்த் வயர் வழியாகத்தான் பெட்டிக்குப் பெட்டி இரைச்சல் தாவுகிறதாம். தனுவின் அம்ப் ப்ளக்கைக் கழற்றி, உள்ளே இருந்த பச்சை வயரை நறுக்கென்று வெட்டினான். “இப்ப பாரு. சுத்தம். ஷோவுக்குப் போற எல்லாரும் இதத்தான் செய்யிறாங்க.”

இரைச்சல் குறைந்தது உண்மைதான். மூன்று பேரும் கைதட்டினார்கள்.

வெட்டிய துண்டைக் கூட்டுமாறில் இருந்து பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறேன்.

மே 16, வியாழன்

தனு வேலை விட்டு வந்ததும் அம்ப்பைப் போடுகிறாள். போடும் நேரமெல்லாம் நான் அடுப்படியில் இருந்து அவள் கையைப் பார்க்கிறேன். விரல் அசைகிறதா, அசைகிறதா. சோறு இரண்டு நாள் அடிப்பிடித்துவிட்டது.

மே 19, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவள் காலுக்குக் கீழே நான்கு சாக்கை மடித்துப் போட்டேன். றப்பர் செருப்பைக் கொண்டுபோய் வைத்தேன். கிஷாந்த், “அம்மாயி மேடை போட்டுக் குடுத்துட்டாங்க, மால மட்டும்தான் பாக்கி” என்றான். தனுவுக்கு முகம் சிவந்துவிட்டது. சாக்கைக் காலால் தள்ளினாள்.

மெயின் சுவிட்சை அமத்திவிட்டேன்.

“போடுங்க அம்மாயி.”

“மாட்டேன்.”

“என்னா பயித்தியமா ஒங்களுக்கு? அம்மா செத்தாங்க, சரி. அதுக்காக நான் வெளக்குகூட போடாம இருக்கணுமா?”

“செல்லசாமி இழுத்த கரண்ட்டுதான்டி ஒங்கம்மாவ—”

“கரண்ட்டு அவரு இழுத்தது. கொடிய கம்பியில கட்டுனது யாரு?”

பையன்கள் இரண்டு பேரும் கிட்டாரைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

யாரு சொன்னா இவளுக்கு? எந்த நாக்கு சொல்லிச்சு? இந்த லயத்துல எல்லாருக்கும் தெரியுமா? தெரிஞ்சுகிட்டேவா இருபது வருஷமா என் மூஞ்சப் பாத்துச் சிரிச்சாங்க?

மே 20, திங்கள்

நான்தான் கட்டினேன்.

கயிறு மழையில் ஊறி ஊறி அறுந்துபோகிறது என்று, தேயிலை மலை வேலியில் கிடந்த கம்பியை எடுத்து வந்து நானே முறுக்கிக் கட்டினேன். 2004 ஓகஸ்ட். “அம்மா, கயிறே இருக்கட்டுமே” என்று வினோதா சொன்னாள். நான், “ஒனக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன்.

வினோதா செத்த அன்றைக்குச் சாயங்காலமே, ஆட்கள் பிணத்தைச் சுற்றி நிற்கும்போது, கம்பியை அவிழ்த்துத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போட்டுவிட்டுக் கயிறு கட்டினேன்.

இதை இதுவரை எழுதியதில்லை.

மே 22, புதன்

செல்லசாமியின் மகன் முத்துலிங்கம் தேயிலைத் தொழிற்சாலையில் கரண்ட் வேலை செய்கிறான். இந்த டிவிசனில் ப்ளக் பழுதென்றாலும் அவனைத்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள். என்னைத் தவிர.

வேறு ஆள் இல்லையா என்று இரண்டு நாளாக யோசித்தேன். இல்லை.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு போனேன். முப்பது அடி தூரம் இருக்காது. கால் வரவில்லை. செல்லசாமி வீட்டு முன்னால் இஸ்தோப்பில் போர்வைக்குள் இருந்தான். இவ்வளவு சுருங்கிப்போவான் என்று நினைக்கவில்லை.

“யாரு, ராசம்மாவா? நனையாம உள்ள வா.”

நான் அவனைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து, “முத்துலிங்கத்துக்கிட்ட பேச வந்தேன்” என்றேன். தூறலிலேயே நின்றேன்.

இராத்திரி வேலை முடிந்து வீட்டில் இருந்த முத்துலிங்கம் வந்தான். மடியில் இருந்த பச்சை வயர்த் துண்டை எடுத்து நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. “எதுல இருந்து பெரியம்மா வெட்டுனாங்க இத?”

“தனு வாசிக்கிற பெட்டில.”

“நாளைக்கு பௌர்ணமி போயா, எனக்கு லீவு. நான் வர்றவரைக்கும் அதத் தொட வேணாம்னு சொல்லுங்க.”

செல்லசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் சொல்லுமுன் திரும்பிவிட்டேன். அதைக் கேட்க இன்னும் என்னால் முடியாது.

மே 23, வியாழன், வெசாக் போயா

முத்துலிங்கம் டெஸ்டர் என்ற சின்னத் திருப்புளியை அம்ப்பின் இரும்பில் வைத்தான். கரண்ட் இருந்தால் உள்ளே விளக்கு எரியுமாம். சிவப்பாக எரிந்தது. பிறகு தனுவின் தந்தியில் வைத்தான். அதிலும் எரிந்தது.

தனு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

முத்துலிங்கம் கானுக்குப் பக்கத்தில் தன் உயரத்துக்கு ஒரு கம்பியைப் பூமிக்குள் அடித்து இறக்கினான். அதில் இருந்து வயர் இழுத்தான். அம்ப்புக்குப் புதுப் பச்சை வயர் போட்டான். மெயினுக்குப் பக்கத்தில் ட்ரிப் சுவிட்ச் ஒன்று பூட்டினான், கரண்ட் வழி தவறி ஆள் உடம்புக்குள் போகப் பார்த்தால் அது தானாக விழுந்துவிடுமாம்.

“பச்ச வயரு சும்மா கெடக்குற வயருதான் தங்கச்சி. வருஷக்கணக்கா ஒரு வேலையும் செய்யாது. அதான் எல்லாரும் வெட்டுறாங்க.”

போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான்: “அன்னைக்கு அப்பா கூரையில லைன் இழுக்கிறப்ப ஏணியப் புடிச்சது நான்தான் பெரியம்மா. பதினொரு வயசு.”

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். சீனி நிறையப் போட்டேன்.

மே 26, ஞாயிறு

கிஷாந்த் தன் அம்ப்பைக் குத்தினான். டக். வீடே இருண்டது. மறுபடி குத்தினான். டக்.

“அம்மாயி, இது ஒங்க வேலையா?”

“நான் இல்ல தம்பி. அது ஒன் பெட்டியப் பாத்து பயப்படுது.”

ரொஷான் விழுந்து விழுந்து சிரித்தான். தனு சிரிக்கவில்லை. கிஷாந்த் கோபத்தில் அம்ப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனுக்குப் பயம் கிடையாது. பயமில்லாத ஆளைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயம்.

ஜூன் 9, ஞாயிறு

இன்னும் ஆறு நாள். இங்கே பூமிக்குள் கம்பி இறங்கிவிட்டது. ஹட்டன் ஹோலில்? அங்கே யாரிடம் போய்க் கேட்பது?

ஜூன் 14, வெள்ளி

தனு சாயங்காலம் முத்துலிங்கத்திடம் போய் டெஸ்டரைக் கேட்டு வாங்கி வந்தாள். நான் சொல்லவில்லை. அவளாகப் போனாள்.

ஜூன் 15, சனி

விடியற்காலையில் போனாள். கறுப்புச் சட்டை, புதுச் சப்பாத்து. நிகழ்ச்சி இரண்டு மணிக்கு. ஏழு மணிக்கு முந்தி வரமாட்டேன் என்றாள்.

நாலரை பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். கேட்கக் கேட்கத்தான் வந்தது. மேடை ப்ளக்கில் ஏர்த் இல்லை. பாடுகிற மைக்கில் டெஸ்டரை வைத்திருக்கிறாள், எரிந்திருக்கிறது. நிகழ்ச்சி நடத்துகிறவனிடம் சொல்லியிருக்கிறாள். “இத்தன வருஷமா இங்க எத்தன பேரு வாசிச்சிட்டாங்க, ஒனக்கு மட்டும் கரண்டா? பயம்னா பொம்பளப் புள்ள வீட்டுல இருக்கணும்” என்றானாம். இவள் குழுவும் இவளைத்தான் ஏசியிருக்கிறது. ரொஷான் பார்க்க வந்திருந்தான். இவளுக்குப் பதிலாக அவனை மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

“கடைசி வரைக்கும் வாசிச்சான் அம்மாயி. நான் பின்னால நின்னு பாத்தேன். ஒண்ணுமே ஆகல. கைதட்டுனாங்க. ஒண்ணுமே ஆகல.”

அவளுக்குக் கை நடுங்கியது. அது என் நடுக்கம். எனக்குத் தெரியும் அந்த நடுக்கம்.

உயிரோடு வந்துவிட்டாள் என்று உள்ளே ஒரு சந்தோஷம். அதை முகத்தில் காட்டாமல் இருக்க அடுப்புப் பக்கம் திரும்பி நின்று ரொட்டி தட்டினேன்.

ஜூன் 16, ஞாயிறு

யாரும் வரவில்லை. குழுவில் இருந்து ஃபோன் வந்தது. அடுத்த நிகழ்ச்சிக்குக் கிஷாந்தை எடுத்திருக்கிறார்களாம். தனு “சரி” என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 19, புதன்

கிட்டார் பையைத் திறக்கவே இல்லை. நான் கேட்டது இதுவா? அவள் சாகக் கூடாது என்றுதானே கேட்டேன். வாசிக்கக் கூடாது என்று கேட்டேனா?

ஜூன் 23, ஞாயிறு

மழையில் ரொஷான் தனியாக வந்தான். கிட்டார் இல்லை, அம்ப்பை மட்டும் பொலித்தீனில் சுற்றித் தூக்கி வந்திருந்தான். இஸ்தோப்பில் வைத்துவிட்டு நின்றான். கீழ் உதட்டில் கடுகளவுக்குக் கறுப்பாக ஒரு காயம்.

தனு அதைப் பார்த்தாள்.

“மூணாவது பாட்டுல” என்றான். “கோரஸ் பாட மைக்குக்கிட்ட போனேன். கை தந்தியில இருந்திச்சு. பளார்னு யாரோ அறைஞ்ச மாதிரி. அங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லல.”

“அதுக்கப்புறமும் வாசிச்சியா?”

“வாசிச்சேன். மைக்குப் பக்கமே போகல.”

“பின்னால இருந்து பாத்தேன். ஸ்டைல் காட்டுறான்னு நெனச்சேன்டா.”

“ஸ்டைலா? கால் ரெண்டும் ஆடிச்சு.”

தனு சிரித்துவிட்டாள். எட்டு நாளைக்குப் பிறகு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு எழுந்து போய் கிட்டார் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ரொஷான் என் பக்கம் திரும்பினான். “அம்மாயி, பச்ச வயரு நானும் வெட்டித்தான் வச்சிருக்கேன். மூணு வருஷமா. ஒங்க வயர்மேன் வீடு எது?”

எட்டிக் கையைக் காட்டினால் தெரிகிற தூரம்தான். காட்டவில்லை. அவன் அம்ப்பைத் தூக்கினான். அது நனையாமல் குடை பிடித்துக்கொண்டு, செல்லசாமி வீட்டுக்கு நானே கூட்டிப்போனேன்.