பாக்கியத்தின் கோபக் கேஸ்

என் பாக்கியத்துக்கு,

நீ இருக்கும் இடத்தில் காலையில் யார் முதலில் எழுந்திருக்கிறார்களோ தெரியாது. இங்கே நம் தீவில், வண்டூரில் இப்போது நான்தான். ஐந்தரைக்கெல்லாம் தொழுவத்தில் நிற்கிறேன். சிரிக்காதே.

காலமெல்லாம் பஸ் ஓட்டியவன் சாணி அள்ளுவதா என்று ஒதுங்கியே இருந்தவன் நான். "ஸ்டியரிங் பிடிச்ச கை சாணியத் தொட்டா தேஞ்சா போயிரும்?" என்று நீ கேட்காத நாள் உண்டா? இரண்டு மாட்டுச் சாணியையும் சமையல்கட்டுக் கழிவையும் தினமும் நீதான் கரைத்துத் தொட்டியில் ஊற்றினாய். அது உள்ளே புளித்து வாயுவாகி, மேலே கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம்மைத் தூக்கும். குழாய் வழியாக உன் அடுப்புக்கு வரும். கப்பல் தாமதமாகி ஊரே சிலிண்டருக்குக் காத்திருக்கும்போது நம் வீட்டில் சாம்பார் கொதிக்கும். அன்றைக்கு உன் நடையே வேறு.

தொட்டி கட்ட வந்தவர் இந்தியில் 'கோபர் கேஸ்' என்றார். கோபர் என்றால் சாணம். உன் காதில் விழுந்தது கோபம். கடைசி வரை அது உனக்குக் 'கோபக் கேஸ்'தான். திருத்தினால், "சரியாத்தான் சொல்றேன். ஒரு நாள் தீனி போடலேன்னா கோவிச்சுக்குதுல்ல?" என்பாய். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டைக் கழுவிவிடச் சொன்னார்கள். அபர்டீன் பஜாருக்குப் போய் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் வாங்கிவந்தேன். உனக்காகச் செய்வதில் குறை இருக்கக் கூடாது என்று தொழுவத்தையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. அது நேராக உன் தொட்டிக்குள் போயிருக்கிறது.

சில நாளில் டிரம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. அடுப்பைத் திருகினால் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. என்மேல் உனக்கிருந்த கோபம்தான் என்று நினைத்தேன். கடைசி நாள் காலையில், "கை ரொம்ப வலிக்குது, இன்னைக்கு ஒரு நாள் நீங்க ஊத்துங்களேன்" என்றாயே. நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நீயே வாளியைத் தூக்கிக்கொண்டு போனாய். அந்தக் கைவலி நெஞ்சிலிருந்து வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும், பாக்கியம்?

நம் கயல் சென்னையிலிருந்து தினமும் போன் செய்தாள். "தனியா என்னப்பா பண்ணப் போறீங்க? மாட்டக் குடுத்துட்டு மெயின்லேண்ட் வந்துருங்க." நானும் சரி என்றேன். அடுப்பு எரியாத வீட்டில் எனக்கென்ன வேலை? மாடுகளை ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார். தொட்டியை மூடிவிடலாம் என்று மண்வெட்டியோடு நின்றேன்.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்து ரீனா, நம் பெங்காலிக்காரி, வேலியைத் தாண்டி வந்தாள். குனிந்து மோந்து பார்த்தாள். "அண்ணா, பினாயில் டாலா க்யா?" ஊற்றினேன் என்று தலையாட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "அரே, இஸ்கா பேட் கராப் ஹோ கயா!"

வயிறு கெட்டுப்போச்சாம். சாணியை வாயுவாக்கும் நுண்ணுயிர்களைப் பினாயில் கொன்றுவிட்டதாம். கோபமும் இல்லை, துக்கமும் இல்லை, வெறும் வயிற்றுக்கோளாறு. நீ போன பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ரீனா பாவம், பயந்துபோனாள்.

இரண்டு பேருமாகக் கெட்டதை இறைத்துவிட்டுப் புதுச் சாணி கரைத்து ஊற்றினோம். அவள் தன் தொட்டியிலிருந்து வாளி வாளியாகக் கரைசல் கொண்டுவந்து சேர்த்தாள், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. தேங்க்ஸ் சொன்னேன். முறைத்தாள். "யே தோ பாபி கா ஹீ ஹை." இது அண்ணியுடையதுதானே என்கிறாள். அவள் தொட்டி கட்டியபோது முதல் உறை நம் தொட்டியிலிருந்து நீ தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்ததாமே? என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருப்பாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

மூன்று வாரம் காத்திருந்தேன். டிரம் மெல்ல எழும்பியது. முதலில் வந்த வாயு பற்றவில்லை. ரீனா சொன்னபடி அதை வெளியே விட்டுவிட்டு மறுபடி காத்திருந்தேன். நேற்றுக் காலை தீக்குச்சியைக் காட்டியதும் நீலமாகப் பிடித்துக்கொண்டது. உன் தொட்டியின் உறைதான் சுற்றிவிட்டு உன் அடுப்புக்கே வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பாத்திரம் எதுவும் வைக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடுகளைக் கொடுப்பதாக இல்லை என்று சொல்லியாகிவிட்டது. கயல் முதலில் கத்தினாள், அப்புறம், "அம்மா அடுப்ப வீடியோல காட்டுங்கப்பா" என்றாள். காட்டினேன்.

இன்றைக்கு நான் ஊற்றிவிட்டேன், பாக்கியம். நாளைக்கும் நானே ஊற்றுகிறேன், என் கை ஓயும் வரைக்கும் நானே ஊற்றுகிறேன். நீ வாளியைக் கீழே வை. கை வலிக்கும்.

சாணிக் கையோடு,
உன் வீட்டுக்காரன்