மதினியும் ஓடாத கம்ப்யூட்டரும்

மதினி, இன்று காலை உங்கள் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் எண்ணெய் வாசனை அடித்தது. பக்கவாதம் வந்து உங்களுக்கு இடது பக்கம் விழுந்துபோன பிறகு, வைத்தியசாலையில் வாங்கி நான் தினமும் உடம்பெல்லாம் தேய்த்துவிட்ட அந்தக் கறுப்பு எண்ணெய். நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. தலையணை, போர்வை, சாய்வு நாற்காலி எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டேன். தூசியும் பல்லி முட்டையும் இருக்க வேண்டிய தகரப் பெட்டிக்குள் அந்த வாசனை எப்படிப் போனது என்று எனக்குப் புரியவில்லை.

செத்துப்போனவர்களுக்கு எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. தென்காசியிலிருந்து கல்யாணமாகி கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த அன்றைக்கே, இந்த வீட்டில் அரிசி அளப்பதும் ஆளை அளப்பதும் நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. புருஷனை இழந்து, மகன் பிரவீணோடு தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்தவர் நீங்கள். உங்கள் தம்பி, என் புருஷன், உங்களுக்கு எதிரே உட்காரக்கூட மாட்டார். நான் ஊரில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் எனக்கு ‘கம்ப்யூட்டர்காரி’ என்று பெயர் வைத்தீர்கள். ‘கம்ப்யூட்டர்காரி, சாயா ஆச்சா?’ என்று கூப்பிடுவீர்கள். வந்தவர்கள் சிரிப்பார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் பிரவீண் காலேஜில் படிக்கும்போது வாங்கியது. ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனவன், கடைசியாக லீவில் வந்தபோது தன் போனிலிருந்து மூன்று வீடியோக்களை அதில் ஏற்றிவைத்துவிட்டுப் போனான். ஒன்றில் ரூமில் சப்பாத்தி சுடுவான். ஒன்றில் கடற்கரையில் நின்று ‘அம்மே, இங்கயும் நம்ம ஊர்க் காத்துதான்’ என்பான். மூன்றாவதில் ஒன்றும் பேசாமல் சிரிப்பான். திரும்பிப் போன இரண்டாம் மாதம் ரோட்டில் வண்டி மோதி இறந்தான். அவனுடைய போன்கூட வந்து சேரவில்லை. உங்களுக்கு மிஞ்சியது அந்த மூன்று வீடியோக்கள்தான். காலையில் சாயா குடித்ததும் அவற்றைப் பார்ப்பீர்கள். பார்க்காத நாளில் சோறு இறங்காது.

மழைக்காலம் வந்தால் அந்தப் பெட்டி மக்கர் பண்ணும். காயல் காற்றின் உப்பு அதற்கு ஆகாது. பொத்தானை அழுத்தினால் திரை கறுப்பாகவே இருக்கும், உள்ளிருந்து நீளமாக ‘பீப், பீப்’ என்று கத்தும். ரேம் என்கிற நினைவகப் பட்டை சரியாகப் பதியவில்லை என்று அர்த்தம். நான் தகட்டைக் கழற்றி, சீப்பு நீளத்துக்கு இருக்கும் அந்தப் பச்சைப் பட்டையை உருவி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, இரண்டு பக்கமும் ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டுவேன். உடனே ஓடும். ‘இந்த ரப்பர் தேய்க்கவா ரெண்டு வருஷம் படிச்சே?’ என்பீர்கள். அதுதான் எனக்குக் கிடைத்த நன்றி.

போன கர்க்கிடக மாதத்தில், எங்கள் ஊர் ஆடியில், ஒரு நாள் அப்படித்தான் ஓடவைத்துக் கொடுத்தேன். ஆலுவாவிலிருந்து உங்கள் சித்தி மகள் வந்திருந்தாள். இருவரும் பிரவீணைப் பார்த்து அழுது முடித்தீர்கள். அழுகை ஓய்ந்ததும் பேச்சு என் பக்கம் திரும்பியது. ‘இவளுக்கு எர்ணாகுளத்துல ஒரு ஆஃபீஸ்ல ஜோலி கிடைச்சது, தெரியுமோ? போன் வந்தப்ப நான்தான் எடுத்தேன். அவளுக்கு இஷ்டமில்லை, வேற ஆளப் பாருங்கன்னு சொல்லி வச்சுட்டேன். பின்னே, வீட்டுல யாரு சமைக்கும்?’ சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். பன்னிரண்டு வருஷம் முந்தைய கதை. அந்த வேலைக்குப் போய்வந்த நேர்முகத் தேர்வில் நான் தோற்றுப்போனேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு மூளை போதாது என்று நானே முடிவுகட்டி, தையல் மெஷினில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷமாக நைட்டி தைக்கிறேன். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அது உங்களுக்கும் தெரியும்.

மறுநாள் விடியுமுன் எழுந்து ரேமின் ஒரு பக்கக் கொக்கியைத் தளர்த்தி, பட்டையை நூலளவு தூக்கிவிட்டேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீங்கள் பொத்தானை அழுத்தினீர்கள். பெட்டி கத்தியது. என்னைக் கூப்பிட்டீர்கள். நான் திறந்து பார்ப்பதுபோலப் பார்த்து, ‘இந்தத் தடவை டிஸ்க்கே போச்சு மதினி. கடையில குடுத்தா உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சிடுவாங்க’ என்றேன். உங்கள் முகம் வெளுத்ததைக் கண்குளிரப் பார்த்தேன். அதை மறைக்க எனக்கு இப்போது அவசியமில்லை.

அப்புறம் ஒவ்வொரு காலையும் கேட்டீர்கள். ‘இன்னிக்கு ஓடுமா மோளே?’ அதற்கு முன் ஒரு நாளும் என்னை மோளே, மகளே என்று கூப்பிட்டதில்லை. நானும் ஒவ்வொரு காலையும் தகட்டைக் கழற்றி, எதையோ நோண்டி, உதட்டைப் பிதுக்கி, ‘இல்ல மதினி’ என்பேன். ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

இன்று பழைய சாமானாக அதை எடுத்துப்போக ஷாஜியை வரச்சொல்லியிருந்தேன். பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். பெட்டிக்குள் எட்டிப்பார்த்தவன், ‘ரேம் ஊரி, கழண்டுதான் கிடக்கு. அம்மா கடைசி வரைக்கும் செஞ்சிருக்காங்க’ என்றான். யார் என்ன செய்தது என்று கேட்டேன்.

அவன் சொன்னான். ஒரு புதன்கிழமை, தைத்த துணியைக் கொடுக்க நான் போட் ஏறி எர்ணாகுளம் போயிருந்தபோது, பக்கத்து வீட்டாரை விட்டு அவனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவன் திறந்ததும் கண்டுபிடித்துவிட்டான். ‘ஆரோ வேணும்னு ஊரி வச்சிருக்கு அம்மேன்னு சொன்னேன் சேச்சி. அம்மா உடனே, எப்படி மாட்டறது, காட்டிக் குடுன்னு கேட்டாங்க. ஒரு கைதானே அசையும், நாலு தடவை செஞ்சு படிச்சாங்க.’ அதன் பிறகு புதன்கிழமைதோறும் நான் படியிறங்கியதும் நீங்களே எண்ணெய்க் கையால் ரேமை அழுத்தி, மகனைப் பார்த்து, நான் திரும்புமுன் மறுபடி தளர்த்தி வைத்திருக்கிறீர்கள். ஓடுகிறதை எதற்கு மறுபடி கழற்ற வேண்டும் என்று ஷாஜி கேட்டானாம். ‘அது அவளுக்கு இருந்துட்டுப் போகட்டும்’ என்றீர்களாம்.

ஷாஜியைப் பெட்டியை எடுக்க விடாமல் அனுப்பிவிட்டேன். அப்போதிருந்து ஆஸ்பத்திரியின் அந்தக் கடைசிக் காலைதான் கண்முன் நிற்கிறது. மூச்சு வாங்க வாங்க அன்றைக்கும் கேட்டீர்கள், ‘ஓடுமா மோளே?’ என்று. நல்ல மனுஷியாக இருந்தால் ஓடும் என்று சொல்லியிருப்பேன். நான் உங்கள் காதருகே குனிந்து, ‘இனி ஓடவே ஓடாது மதினி. பிரவீண் வீடியோ எல்லாம் அழிஞ்சு போச்சு’ என்றேன். உங்கள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தட்டினீர்கள். மத்தியானம் போய்விட்டீர்கள்.

அது அழுகை என்று மூன்று மாதமாக எனக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். என்னைத் தோற்கடித்துவிட்டுச் சிரித்தீர்களா, என்மேல் இரக்கப்பட்டா என்பதுதான் தெரியவில்லை. தோற்கடித்ததாகவே இருக்கட்டும் மதினி. இரக்கம் என்றால் என்னால் தாங்க முடியாது.