ஆறாம் தொட்டியின் தீவனம்

மார்ச் 4
கொழுந்தன் வந்தான். போன வருஷம் காப்பீடு விற்றான், அதற்கு முன் தண்ணீர் வடிகட்டி. இப்போது மீன் தீவன நிறுவனத்தில் விற்பனை அதிகாரி. தொட்டிக் கரையில் நின்று, "அண்ணி, மீனுக்கு மீனையே அரைச்சுப் போடற காலம் போச்சு. இனி பாக்டீரியாதான்" என்றான். எரிவாயுவைத் தின்று வளரும் பாக்டீரியாவைக் காயவைத்துப் பொடித்ததாம். மீன் தூளுக்கு ஈடான புரதமாம். கையேட்டைப் பார்த்துத்தான் இதையும் சொன்னான்.

"இது என்ன மீன்னு தெரியுமா?"

தண்ணீரை உற்றுப் பார்த்தான். "நல்ல மீன் அண்ணி."

கொடுவா மீன்டா, அறிவாளி.

ஆறாம் தொட்டியை மட்டும் கொடுத்தேன். மீன் தூள் வரவர மண்ணாக வருகிறது, அதனால்தான். இவனுக்காக அல்ல.

மார்ச் 7
புதுத் தீவனத்தை மீன்கள் வாயில் வாங்கித் துப்புகின்றன. கொழுந்தனுக்குப் போன் செய்தேன். "பசிச்சா தின்னும் அண்ணி." அதிகாரியின் ஆலோசனை முடிந்தது.

மார்ச் 10
பழைய தீவனத்தோடு பாதிக்குப் பாதி கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன். மேலே வந்து கவ்வின. இதைக் கையேட்டில் எழுத ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஏப்ரல் 20
ஆறாம் தொட்டிக்கு இப்போது முழுக்கப் புதுத் தீவனம். வளர்ச்சி மற்ற தொட்டிகளுக்குக் குறைவில்லை. ஒன்றை அறுத்துப் பார்த்தேன், ஈரல் பளிச்சென்று இருந்தது. எரிச்சலாக வருகிறது. அவன் சொன்னது சரியாகிவிடுமோ?

ஜூன் 2
மொத்த வியாபாரியைச் சாப்பிட அழைத்திருந்தோம். எங்கள் மீனை எடுக்கும் ஒரே ஆள். அவர் கைவிட்டால் பண்ணையைப் பூட்ட வேண்டியதுதான். ஆறாம் தொட்டி மீனை வறுத்தேன். கணவர் அடுப்பருகே வந்து கிசுகிசுத்தார்: "தீவனத்தப் பத்தி வாயத் திறக்காதே."

வியாபாரி இரண்டாம் துண்டு கேட்டு வாங்கினார். கொழுந்தன் மட்டும் மீனைத் தொடவில்லை. "வயிறு சரியில்ல அண்ணி." சரியில்லாத வயிற்றுக்கு மூன்று முறை சோறு.

வியாபாரியின் கண் அந்தத் தட்டிலேயே நின்றது. "என்னம்மா விஷயம்?"

சொன்னேன். மறைத்து விற்க எனக்கு வராது.

எழுந்து கை கழுவினார். "மத்த தொட்டி மீனை எடுத்துக்கறேன். கிருமி மீன நீங்களே வச்சுக்குங்க." இரண்டு துண்டு தின்ற வாய்!

அவர் போனதும் கணவர் கத்தினார். "உண்மையச் சொல்லி என்னத்தக் கிழிச்சே?" தம்பியிடம் ஒரு வார்த்தை? ம்ஹூம்.

ஜூன் 3
இன்றும் வீட்டில் ஆறாம் தொட்டி மீன். கணவர் மூன்று துண்டு சாப்பிட்டார். கத்தியதில் பசி குறையவில்லை.

ஜூன் 19
வந்திறங்கிய மீன் தூளில் எண்ணெய் காறிப்போன வாடை. திருப்பி அனுப்பச் சொன்னேன். "மீனுக்குத் தெரியவா போகுது?" என்று கணவர் மற்ற தொட்டிகளுக்கெல்லாம் கலந்து போட்டுவிட்டார். மீனுக்குத் தெரிந்தது. பாதித் தீவனம் அடியில் மக்கிக் கிடக்கிறது. இவருக்குத்தான் தெரியவில்லை.

ஜூலை 22
வியாபாரி போன் செய்தார். எடுத்துப்போன மீனில் வாடை என்று கடைக்காரர்கள் திருப்பிவிட்டார்களாம். குரலில் அப்படி ஒரு சர்க்கரை. "அந்த ஆறாம் தொட்டி மீன் மிச்சம் இருக்காம்மா?"

"கிருமி மீனா?"

"அட, அதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு..."

"என்ன தின்னு வளர்ந்துச்சுன்னு கேட்டா சொல்லுவீங்களா?"

"யாரும்மா கேக்கப் போறா?"

"கேட்டா?"

பெருமூச்சு விட்டார். "சொல்றேன்."

நம்பவில்லை. என்ன தீவனம் தின்ற மீன் என்று கூடைக்குக் கூடை நானே சீட்டு எழுதி ஒட்டி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 30
அந்தச் சீட்டோடு மீன் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எல்லாத் தொட்டிக்கும் புதுத் தீவனம் சொல்லிவிட்டேன். கொழுந்தனுக்கு இதில் பங்கில்லை. போன வாரமே வேலையை விட்டுவிட்டான். இப்போது மின்விசிறி விற்கிறான்.

மீன் தூள் வைத்த அறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். படுக்கும்போது கணவர் என் தோள் பக்கம் மூக்கை நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து இல்லாத அக்கறை.

"உன்கிட்ட என்னமோ குறையுதே?"

"நாத்தம்" என்றேன்.